மேட்டு வரிசையில் ஒரு மரம்

போன கிழமை பேத்தியின் நர்சரி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. மற்றப் பிள்ளைகளின் தண்ணிப் போத்தலை எல்லாம் தட்டிவிடுகிறாளாம். "எல்லாரும் அவளையே பார்க்கணும்மா, அதுக்குத்தான்" என்று சொல்லி, அப்படிப்பட்ட பிள்ளைகளை நல்ல வழியில் திருப்புவது எப்படி என்று ஒரு காகிதமும் தந்தாங்க. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெல்மதுளைச் சந்தியில் எனக்கு ரெண்டு கடை. எவன் தயவும் இல்லாமல் நானே நிமிர்த்தின கடைகள். மூணாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் தமிழிலோ சிங்களத்திலோ நான் பேரம் பேச ஆரம்பித்தால் படிச்ச ஆட்களே வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கா இதைக் காகிதத்தில் எழுதித் தரணும்?

அப்போது எனக்கு ஒன்பது வயசு. ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களுக்குக் கட்டின லயத்து வரிசை வீடொன்றில் இருந்தோம். அப்பா பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போனவர், எப்போதாவதுதான் வருவார். எட்டு மாதத் தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். விடிய எழும்புவாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள், சமைப்பாள், படுப்பாள். சோறு என் முன்னால் வரும். சத்தம் வராது.

ஒருநாள் அம்மாவோடு மரத்துக்குப் போனபோது என் கால் பட்டு ஒரு சிரட்டைப் பால் கொட்டிவிட்டது.

"ஏன்டி, கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்க?"

தம்பி போன பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே ரெண்டு சிரட்டையைக் கவிழ்த்தேன். திட்டோடு முதுகில் ஒன்று விழுந்தது. அதுவும் இனித்தது. நாலைந்து நாளில் அம்மாவுக்கு அது பழகிப்போய், திட்டு குறைந்துவிட்டது. சரக்கு விலை போகவில்லை என்றால் பெரிய சரக்காக இறக்கணும் என்ற புத்தி எனக்கு அப்போதே இருந்தது. புளி பட்டால் ரப்பர் பால் உறைந்துவிடும் என்று தெரியும்; நாலு தேசிக்காயைப் பிழிந்து, அம்மா சேர்த்து வைத்த வாளிப் பாலில் ஊற்றிவிட்டேன்.

பால் நிறுக்கும் ஸ்டோரில் அம்மா வாளியைச் சரித்தாள். பால் விழவில்லை. வெள்ளைக் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "என்னடி, வீட்டுல தயிர் போட்டியா?" என்றாள் ஒருத்தி. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை.

"இந்தா புள்ள, இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். இன்னொரு நாள் இப்படிக் கொண்டாந்தா மரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

என் கையில் தேசிக்காய் வாசம் அடித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். திட்டும் தீர்ந்துபோன வீட்டில் இனி எப்படி இருப்பது என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

மறுநாள் விடியும் முன்பே ஓடிப்போய், அம்மா வெட்டும் மேட்டு வரிசையில் நாற்பது மரத்திலும் வெட்டுவாயில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துச் சிரட்டைகளைத் துடைத்து வைத்தேன். அதை எடுத்தால்தான் புது வெட்டுப் போடலாம். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா பேசாமல் மரம் மரமாக வெட்டிக்கொண்டு வந்தாள். பிறகு நின்றாள்.

"ஏய், இங்க வா. இந்த மரத்தை யாரு உரிக்கிறது, ஒங்கப்பனா?"

இருட்டில் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். ஓடிப்போய் உரித்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு மரத்தை வேண்டுமென்றே விட்டேன், ஒவ்வொரு நாளும் வேறு மரம். அம்மா எதையும் தவறவிடமாட்டாள். கண்டுபிடித்துக் கூப்பிடுவாள். சில நாள் தலையில் ஒரு குட்டு, சில நாள் "கழுத, நாளைக்கும் இப்படித்தான் விடுவ" என்று ஒரு பேச்சு. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

இப்படியே ஒரு மழைக்காலம் போனது. அதற்குள் நான் கைகாரி ஆகிவிட்டேன். பெரிய ஆட்களே என்னைப் போல் உரிக்கமாட்டார்கள். எனக்குத் திட்டு அலுத்து, மெச்சல் வேண்டும் என்று ஆசை வந்தது. ஒருநாள் நாற்பதையும் உரித்து, அம்மா கடைசி மரத்துக்கு வரும்வரை மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அம்மா அந்த மரத்தைத் தடவிப் பார்த்தாள். கத்தியோடு திரும்பி, வந்த வழியே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணுகூடவா விடல?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

அம்மா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தாள். தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பியைப் புதைத்த அன்றுகூட அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

என்னைக் கூப்பிட அம்மாவுக்கும் அந்த ஒரு மரம்தான் இருந்தது என்பது ஒன்பது வயசுக்கு எங்கே தெரியும்? எங்கேயோ ஒன்றைச் சரியாக உரிக்காமல் விட்டுவிட்டேன் போல என்று நினைத்து, அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு, மேட்டுக்கு ஓடி முதல் மரத்திலிருந்து தடவிப் பார்க்க ஆரம்பித்தேன்.