நான் எழுதிய உருக்கமான மனு

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தமிழும் சிங்களமும் எழுதுவேன். வீட்டிலேயே தையல் வேலை என்பதால் எப்போது வந்தாலும் இருப்பேன். தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மனுவுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கும்பிடு, பிறகு அழுகை, பிறகு ஐயாவின் கருணைக்கு ஒரு புகழ்ச்சி, கடைசியில்தான் கேட்க வந்த விஷயம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அழாதவர்களுக்கு ஆபீஸ் கதவு திறக்காது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். என் அழுகைக்கு லயத்தில் நல்ல பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

லயத்தின் ஒற்றையறை வீடுகளைக் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். புருஷன் இறந்து மூன்று வருஷம். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. பிள்ளை புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு வாசிக்கிறாள் என்று டீச்சர் சொன்னதும், கண்ணாடிக்கு உதவி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு மனுப் போட என்னிடம் வந்தார்.

“நீயே பாத்து எழுதிரு தங்கச்சி. ஒனக்குத் தெரியாததா?” என்று வெறும் தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்.

அக்காவே சொல்வதுபோல் சிங்களத்தில் வெளுத்து வாங்கினேன். பல நாள் பிள்ளை பட்டினியாகவே படுக்கிறாள் என்றேன். தாய் வேலைக்குப் போகும்போது காம்பராவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள் என்றேன். அழுது அழுதே கண் மங்கிவிட்டது என்று முடித்தேன். அத்தனையும் புளுகு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளை என் வீட்டுக்குத்தான் வருவாள். தாய் காலையில் ஆக்கி வைத்துவிட்டுப் போகும் சோற்றையும் முட்டையையும் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

இரண்டு வாரம் கழித்து, செயலகத்திலிருந்து பிள்ளைகள் நலன் பார்க்கும் உத்தியோகத்தர் அம்மா ஒருவர் வந்தார். அக்கா அப்போதுதான் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா என் மனுவை எங்கள் முன்னால் சத்தமாக வாசித்தார்.

“இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் பிள்ளை பெற்றவள். இந்த வீட்டில் பிள்ளையை விட்டுவைக்க முடியாது. சிறுவர் இல்லத்தில் சேர்க்கத்தான் வந்திருக்கிறேன்” என்றார் சிங்களத்தில்.

அக்காவுக்கு எழுத வராதே தவிர, பேசவும் கேட்கவும் என்னைவிட நல்ல சிங்களம். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எம்புள்ளைய நா பட்டினி போட்டேனா தங்கச்சி?”

கூனிக் குறுகிப் போனேன். மனம் இரங்கிக் கண்ணாடி தருவீர்கள் என்று நான்தான் இட்டுக்கட்டினேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் லேசில் நம்பவில்லை. அப்படியானால் உண்மையை எழுதிக் கொடுங்கள் என்றார்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் சோறு, முட்டை. நான் வேலை முடிந்து வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். ஒரு நாளும் தனியாக விட்டதில்லை. கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி வேண்டும். கும்பிடு இல்லை, அழுகை இல்லை, ஐந்தே வரி. அந்த அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தார், பிள்ளையிடம் தனியாகப் பேசினார். பிறகு, பிள்ளை தாயோடு இருக்கட்டும், கண்ணாடிக்கு நானே சொல்கிறேன் என்று எழுந்தார்.

அவர் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிருங்கக்கா.”

“எனக்காகத்தான் எழுதுன, தெரியும். ஆனா நா அப்புடி அழுவுறவளான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

இனி என் முகத்தில் விழிக்கவே மாட்டார் என்று நினைத்தேன். அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். “நா தண்ணிக்குப் போயிட்டு வாரேன், புள்ளயப் பாத்துக்க” என்று மகளை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.