மீரான் நானா சொன்ன ஒரே பொய்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து டிராமில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஏறிய பழக்கடைச் செல்லையா என் தோளைத் தொட்டு, "அண்ணே, சேதி தெரியாதா? நம்ம மீரான் நானா மௌத்தாயிட்டாரு. அதாண்ணே, குழாய் கொண்டாந்த நானா!" என்றான். உங்களிடம் மறைப்பானேன்? சாவைவிட அந்தக் குழாய்தான் முதலில் என் நெஞ்சில் குத்தியது.

சூலியா தெருவுக்குப் பின்னால் நம் சந்தில் வாழ்ந்த உங்களுக்கு என்னைத் தெரியும். நாலாம் வகுப்பு வரை படித்தவன். கப்பல் ஜெட்டியில் கணக்கெழுதும் கிராணி. நான் இங்கிலீஷ் பேசினால் துரைமார் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். நானா பாய் விற்கும் கடைக்காரர், கையெழுத்து மட்டும் போடுவார். அப்படியிருந்தும் நம் சந்துச் சங்கத்துக்குக் காரியதரிசியாக அவரைத்தானே பிடித்து உட்கார வைத்தீர்கள்!

அப்போது சந்தில் தண்ணீர் கிடையாது. பெண்கள் மூன்று தெரு தாண்டிப் போய், வரிசையில் சண்டை போட்டு, அரைக்குடத்தோடு திரும்புவார்கள். இரும்புக் குழாயை வியாபாரிகள் வாங்கித் தந்தால் பதித்துத் தருகிறோம் என்றது முனிசிபல் ஆபீஸ். முனிசிபல் முதலில் சம்மதிக்கட்டும் என்றார்கள் வியாபாரிகள். இருவரும் ஒத்துக்கொண்டால் பள்ளம் வெட்டித் தருகிறோம் என்றது நம் சங்கம். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஒரு மழை நாளில் நானா கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கிராணியாரே, குடையப் புடிச்சிக்கிட்டு கூட வாங்க. வாய மட்டும் தொறந்துராதீங்க."

முனிசிபல் துரையிடம் மலாயில், "வியாபாரிகள் சரியென்று சொல்லிவிட்டார்கள்" என்றார். வியாபாரிகளிடம், "முனிசிபல் சரின்னுருச்சு" என்றார். சங்கத்தில், "ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க, மம்பட்டிய எடுங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் மூன்று தரப்பும் தலையாட்டிவிட்டது. "பொய்தானே நானா?" என்றேன்.

"காலையில பொய்தான். இப்பப் பாருங்க, இதுல எது பொய்?"

வயிறு எரிந்தது. தாசேக் கெலுகோரில் நான் புலியின் வாலைப் பிடித்து இழுத்த கதையை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? அதனால் யாருக்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைத்ததா? அவர் சொன்ன ஒரே பொய்யில் ஒரு சந்தே குடம் குடமாய் நிறைத்துக்கொண்டது.

குழாய் திறந்த அன்று பாதிப் பினாங்கே திரண்டது. துரை மாலையோடு என்னை நோக்கித்தான் வந்தார். நடுவில் நானா நின்றதால் அது அவர் கழுத்தில் விழுந்தது. துரையிடம் பேசிக் காரியத்தை முடித்தவன் நான்தான் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வந்தேன். நானா காதுபடவும் சொன்னேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, துரைகிட்ட பேசினது நீங்களாமே? 'கிராணியார் இல்லேன்னா நமக்கு ஏது குழாய்'னு வாப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க."

ஒரே பொய் என்று மேலே எழுதிவிட்டேன். இரண்டு.

"இல்லம்மா. நான் வாசல்ல குடை புடிச்சிக்கிட்டு நின்னேன். பேசினது உங்க வாப்பாதான்" என்றேன்.

அந்தக் குடை அவருடையது. அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், அவரும் கேட்கவில்லை. கம்பி இரண்டு ஒடிந்து என் வீட்டில் தொங்குகிறது. குழாயை அவர் பேரிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். குடையை மட்டும் யாரும் கேட்டு வராதீர்கள்.