மென்று பிழிந்த மாதுளை மொட்டு

என் மூத்த மகளுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் பேதி கண்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஊற்றிக் கொடுத்த சிவப்பு மிக்ஸ்சரைக் குடித்த வேகத்திலேயே கக்கினாள். கண்கள் குழி விழுந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. என் மாமியார் புதுச்சத்திரத்திலிருந்து தம் அக்காவை வரவழைத்தார். அவர் கொடுக்கும் மாதுளை மொட்டுச் சாற்றுக்கு எந்தப் பேதியும் நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு.

அவர் அதை அம்மியில் அரைப்பதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொல்லையில் விரியாத மொட்டுகளாகப் பறித்து வந்தார். வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார், கொப்பளிக்கவில்லை. மொட்டுகளைப் போட்டு மென்றார். கடைவாயில் பழுப்பு நுரை கட்டியது. முந்தானை நுனியில் அதைத் துப்பி, குழந்தையின் வாய்க்கு மேலே பிழியக் கொண்டுவந்தார். எச்சில் நூலாகத் தொங்கியது. நான் குழந்தையின் வாயைக் கையால் மறைத்தேன்.

"அம்மியில அரைச்சுத் தரட்டுங்களா? கழுவித்தான் வெச்சிருக்கறனுங்க."

"கல்லுப் பட்டா வீரியம் போயிரும் அம்மிணி. உம்புருசனுக்கும் இந்த வாயிலதான் மென்னு ஊத்தினேன். செத்தா போயிட்டான்?"

"படிச்ச புள்ளைக்கு எல்லாமே அருவருப்பு" என்றார் மாமியார். "கொழந்தை பொழைக்கோணுமா, வேண்டாமா?"

கிருமிகளைப் பற்றிப் பள்ளியில் படித்திருந்தேன். ஆனால் நான் தடுத்து, குழந்தை போய்விட்டால்? குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "மெல்லத்தானே வேணும்? நானே மெல்றனுங்க" என்றேன்.

"பெத்தவ எச்சில் மட்டும் பன்னீராக்கும்!" மாமியாரின் அக்கா சிரித்தார்.

வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு மென்றேன். துவர்ப்பில் நாக்கு சுருண்டது. வெள்ளைத் துணியில் துப்பினேன். அதே பழுப்பு, அதே நூல். என் வாயிலிருந்து வந்ததைப் பார்க்கவே குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தேன். நடுநடுவே வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஊட்டினேன். மறுநாள் சாயங்காலம் அழுதபோது அவள் கன்னம் நனைந்தது. மொட்டா, கஞ்சியா, தானாகவே நின்றதா, எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பேதி கண்ட குழந்தையோடு வந்து நின்றாள். மடியில் மாதுளை மொட்டுகள்.

"ஏனுங்க்கா, நீங்க மென்னு குடுத்தா கேக்குதாமுங்க. உங்களுக்குப் பொகையிலைப் பழக்கமும் இல்லீங்களே!"

பழுப்பு நுரை கண்முன் வந்தது. என்னால் முடியாது என்று சொல்லி, அவள் கண்ணெதிரே அம்மியைக் கழுவி அரைத்துக் கொடுத்தேன். மனமில்லாமல் வாங்கிப் போனாள். அந்தக் குழந்தை தேறியதென்று காதில் விழும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.