நியேவெஸுக்கு யார் செபம் சொல்வது?

எங்கள் தீவின் தென்கரை ஊரான இனரஹானில் யாராவது செத்துப்போனால் ஆள் முதலில் ஓடி வருவது என் மதினி நியேவெஸ் வீட்டுக்குத்தான். பெட்டி செய்கிறவனைக்கூட அப்புறம்தான் தேடுவார்கள். செத்தவர் ஆத்துமாவுக்கு ஒன்பது நாள் செபமாலை சொல்ல வேண்டும். முதல் அடியை அவள் சொல்ல, கூட்டம் பதில் சொல்லும். ஒன்பது நாளும் சொல்லி முடித்தால்தான் ஆத்துமாவுக்கு வழி திறக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி. ஒல்லி உடம்பு, உடைந்த முன்பல், வாய் நிறைய வெற்றிலை. அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு மக்காச்சோள ரொட்டி சுட்டு விற்றுத்தான் ஒரே மகள் பிலாரை வளர்த்தாள்.

அவள் செபக்காரி ஆனதே அமெரிக்கக்காரன் புண்ணியத்தில்தான். அவன் கப்பல் முதன்முதலில் வந்து கோட்டையைப் பார்த்துச் சுட்டபோது, எங்களை ஆண்ட ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வெடி என்று நினைத்தார்களாம். பதிலுக்கு வெடிக்க மருந்து இல்லையே என்று மன்னிப்புக் கேட்கப் படகேறிப் போனார்களாம். போனவர்களை அப்படியே கைதியாக்கிவிட்டான். இந்தப் புத்திசாலிகளா இத்தனை தலைமுறை நம்மை ஆண்டார்கள் என்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மறுவருசம் ஸ்பானியச் சாமியார்களையும் கப்பலேற்றினான். விடியற்காலையில் கோயில் மணி அடிக்காதே என்றான். வீதியில் சுரூபம் தூக்காதே என்றான். மிஞ்சியது தீவு முழுவதுக்கும் ஒரே ஒரு உள்ளூர்ச் சாமியார், அவரும் தலைநகரான அகானாவில். சாவு அவருக்காகக் காத்திருக்குமா? நியேவெஸ் முன்னால் போய் முழந்தாளிட்டாள், அன்றிலிருந்து அந்த இடம் அவளுக்கு என்று ஆயிற்று.

செபம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்து, புறங்கையை மூக்கால் மோந்து ஆசி வாங்குவார்கள். பெரியவர்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதை அது. கை தராத பெரியவள் சாபம் கொடுத்தவளுக்குச் சமம்.

ஒரு நாள் காலை அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சதை தீயும் வாடை வந்தது. பார்த்தால் அவள் வலது கை இரும்புத் தட்டின்மேல் கிடக்கிறது, அவளோ பக்கத்து வீட்டுத் தொர்குவாத்தாவின் கோழியைப் பற்றி என்னிடம் வம்பளந்துகொண்டிருக்கிறாள்.

"மதினி, கை! கை!" என்று கத்தினேன்.

குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக எடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எத்தனை நாளா மதினி?"

"போன மழையிலேருந்து. ஏட்டி, வெளிய மூச்சு விட்டுராத. இந்தக் குட்டச் சீக்குக்காரங்களை எல்லாம் அமெரிக்கக்காரன் துமோன் கரையில வேலி போட்டு அடைக்கான். அதுகூடப் பரவாயில்ல, கடல் தாண்டி வேற எங்கயோ தள்ளப் போறானாம். அங்க கெடந்து செத்தேன்னா இங்க யாருக்குத் தெரியும்? ஊருக்கெல்லாம் ஒன்பது நாள் சொன்னேனே, எனக்கு யாரு சொல்லுவா?"

"சும்மா கெட மதினி. நான் சொல்ல மாட்டேனா?"

"நீயா? நீ சொன்னா நான் நேரா நரகத்துக்குத்தான் போவேன்" என்று சிரித்தாள். நான்தான் அழுதேன்.

அன்றிலிருந்து அவள் யாருக்கும் கை கொடுக்கவில்லை. நீளக் கைச்சட்டை, உள்ளே துணிக்கட்டு. ஒரு நாள் சளி என்பாள், ஒரு நாள் கை ஈரம் என்பாள். செபம் முடியுமுன்னே எழுந்து ஓடுவாள். ஊர் சும்மா இருக்குமா? திமிர் பிடித்துவிட்டது என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொர்குவாத்தாவின் புருசன் செத்த ஒன்பதாம் நாள் அது. சிவப்புச் சோறும் பன்றிக்கறியும் தயாராக இருந்தன. தொர்குவாத்தாவின் பேரன், மூன்று வயதுப் பொடியன், தத்தித் தத்தி வந்து நியேவெஸின் கையைப் பிடிக்கப் போனான். வெடுக்கென்று அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது.

தொர்குவாத்தா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தாள். "ஏன், எம் பேரன் மூக்கு என்ன அழுகியா போச்சு?"

"கை ஈரமா இருக்கு அக்கா."

"போன மாசமும் ஈரம்தான். சாமியார் இல்லாத ஊருல செபம் சொல்றவ பிஷப்பு ஆயிட்டாளோ? பிஷப்புகூடக் கையை நீட்டுவாருடி!"

"விடுங்கக்கா, கெஞ்சிக் கேக்கேன்."

"எம் புருசனுக்கு ஒன்பது நாள் சொன்ன வாயி, அவரு பேரனை ஆசீர்வதிக்க மட்டும் வலிக்குதோ?" என்று பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நான் குறுக்கே விழுவதற்குள் துணிக்கட்டு அவிழ்ந்துவிட்டது.

தீய்ந்த புண்ணும் மடங்கிப்போன விரல்களும் எல்லோர் கண்ணிலும் பட்டன. தொர்குவாத்தாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. தன் தோளில் கிடந்த கறுப்புத் துணியை உருவி, நியேவெஸின் கையைச் சுற்றி மூடினாள்.

"எவளும் எதையும் பாக்கல. பாத்தேன்னு எவளாவது சொன்னா நாக்கை அறுத்து நாய்க்குப் போட்டுருவேன். சோறு ஆறுது, வாங்க."

அவள் குணம் அப்படி. வாய் எவ்வளவு நாறினாலும் மனசு தங்கம். ஆனால் அவள் மருமகன் அமெரிக்கக்காரனின் கடற்படை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன், அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அவன்தான் போய்ச் சொன்னான். மறைத்தால் என்னையும் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பிறகு அழுதான். தொர்குவாத்தா அவன் பாயைத் தெருவில் வீசினாள். வீசி என்ன பயன்?

இன்றைக்கும் எனக்கு ஆறாதது ஒன்று. பேசாமல் அடுப்பு சுட்ட புண் என்று சொல்லி எல்லோரையும் போலக் கையை நீட்டியிருந்தால் அவளை எவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று பயந்தாள், மாட்டிக்கொண்டாள். நல்லவளாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இது.

துமோன் வேலிக்குள் சில மாதம் வைத்திருந்தார்கள். அப்புறம் ஊர் ஊராகப் பிடித்த சீக்குக்காரர்களையெல்லாம் பிலிப்பைன்ஸில் குலியோன் என்ற தீவுக்கு ஏற்றிவிட்டார்கள். அதுவும் அவன் ஸ்பானியனோடு போட்ட அதே சண்டையில் பிடித்த நாடுதான். ஒரு தீவில் பிடித்து இன்னொரு தீவில் கொட்டுகிறான், எல்லாம் அவன் கொல்லைபோல.

படகேற்றுகிற அன்று கரையில் சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து எங்களைத் தடுத்தார்கள். பிலார் மணலில் புரண்டு கத்தினாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை கையைத் தாம்மா! மோந்துட்டு விட்டுருதேன்!"

நியேவெஸ் இரண்டு கையையும் பாவாடைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டாள். "வீட்டுக்குப் போ மக்கா. அடுப்பை அணைச்சியா?" என்றாள். வேறென்ன சொல்வாள் பாவி.

படகு நகர்ந்ததும் அவளே செபமாலையை ஆரம்பித்தாள். கரையில் இருந்த அத்தனை பேரும் முழந்தாளிட்டுப் பதில் சொன்னோம், தொர்குவாத்தாவும்கூட. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்ததால் கொஞ்ச தூரத்திலேயே அவள் குரல் எங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது. எப்போது பதில் சொல்வது என்று தெரியாமல் ஆளுக்கொரு நேரம் சொன்னோம். பிறகு அதுவும் நின்றது.

அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. அகானாவுக்கு நடையாய் நடந்து கேட்டோம். தெரியாது என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள், கடைசியில் வராதே என்றார்கள். பிலாருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆத்துமாக்கள் திருநாள் வந்தால் போதும், என் வாசலில் வந்து நிற்பாள்.

"அத்தை, இந்த வருசமாவது அம்மாவுக்கு ஒன்பது நாள் ஆரம்பிப்பமா?"

"வாயைக் கழுவுடி. உயிரோட இருக்கவளுக்குச் சொன்னா நாமளே அவளைக் கொன்ன மாதிரி."

போன வருசமும் இதையேதான் சொன்னேன். ஆனால் அந்தத் தடவை அவள் திரும்பிப் போகவில்லை. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செத்திருந்தா, அத்தை? இத்தனை வருசமா வழி தெரியாம நிப்பாளே?"

நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். செபமாலையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், முதல் அடியை மட்டும் ஆரம்பிக்கவில்லை.