கடைசி ஆளுக்குப் பின்னால்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகட்டும், கோகிலன் யாரிடமும் வாதாடப் போவதில்லை. வாதாடுகிற தெம்பு அவரிடம் தீர்ந்துபோய் நாளாகிவிட்டது. கேட்டால் சொல்வார், அதுவும் ஒரே ஒரு தடவை.

கோகிலனுக்கு நாற்பத்தாறு வயது. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார். பினாங்கு மலையின் ஓடைகள், பாறை இடுக்குகள், பள்ளத்தாக்குகள் என்று மாதம் ஒரு இடமாகச் சுற்றும் கூட்டம் ஒன்று உண்டு. பாதிப் பேர் நடப்பார்கள், பாதிப் பேர் சைக்கிளில் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜாஹிர்தான் அதை நடத்துகிறார்.

அந்தக் கூட்டத்துக்குக் கோகிலன் ஸ்வீப்பர். அதாவது, எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர். வழி தெரிவதற்காக முதல் நாளே மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வந்து, அந்த ரிப்பன்களை அவிழ்த்து எடுத்துக்கொள்வது அவர் வேலை. கடைசி ஆளை முந்தக் கூடாது. தனக்குப் பின்னால் யாரையும் விடக் கூடாது. பதினோரு வருஷத்தில் ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்துமூன்று பேர். மலைக்கு இந்தப் பக்கம் ஆயர் ஈத்தாமில் ஏறி, முகட்டைத் தாண்டி, பள்ளத்தாக்கு வழியாக ஜாஹிரின் கடைக்கு வந்து சேர வேண்டும். கோகிலன் இரவு ஷிப்ட் முடித்து, கண் மூடாமல் நேராக வந்திருந்தார். வராமல் இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசி ஆள் சிவநேசன். நீலச் சட்டை, முதுகில் பத்தொன்பது என்று எண். ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் மனைவி தனுஜாவோடு இருப்பவர். கால் மெதுவாகப் போகும், வாய் மட்டும் ஓயாது. தனுஜா தினமும் கடலைத் தாண்டி செபராங் ஜெயாவுக்கு வேலைக்குப் போய் வரும் கஷ்டம், மேல்வீட்டுக்காரர் சண்டை, சைக்கிள் பிரேக் என்று முகடு வரை பேசிக்கொண்டே வந்தார். கோகிலனுக்குத் தலை வலித்தது. கொஞ்ச தூரம் முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மணி 3.15. பாறை இடுக்குக்குள் இறங்கும் திருப்பம். சிவநேசன் திரும்பி மறைந்தார். சைக்கிளில் பாசி ஒட்டியிருந்ததால் கோகிலன் நின்று வழித்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பினார். நீலச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது, சைக்கிளைத் தள்ளியபடி.

பேச்சு மட்டும் நின்றிருந்தது.

களைத்துவிட்டார் போலிருக்கிறது என்று கோகிலன் நினைத்தார். நிம்மதியாகக்கூட இருந்தது.

மணி 3.40. ரிப்பன் அவிழ்க்க கோகிலன் நின்றார். முன்னால் போனவரும் நின்றார். இவர் நடந்தார், அவரும் நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு சேற்றுப் பள்ளம். கோகிலனின் டயர் நாலு விரல் ஆழம் புதைந்தது. தனக்கு முன்னால் பார்த்தார். சேறு வழவழவென்று கிடந்தது. டயர் தடம் இல்லை. கால் தடமும் இல்லை.

ஓரமாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டார். தூக்கமில்லாத மனிதன் எதற்கும் சமாதானமாகிவிடுவான்.

மணி 3.58. பூச்சிகளின் சத்தம் நின்றது. ஓடைத் தண்ணீர் மட்டும்... சளக்... சளக்...

மணி 4.12.

"அண்ணே."

பின்னாலிருந்து வந்தது.

ஸ்வீப்பருக்குப் பின்னால் ஆள் கிடையாது. கடைசி ஆள் இதோ, கண் முன்னால் நிற்கிறார்.

காட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது. பதில் சொல்லக் கூடாது. மலாய்க்காரர், சீனர், தமிழர், காட்டுக்குப் போகிற எல்லாரும் இங்கே கடைப்பிடிப்பது இது.

"அண்ணே..."

ரிப்பன் முடிச்சு அவிழ மறுத்தது.

மூன்றாவது தடவை குரல் உடைந்து வந்தது.

கோகிலன் திரும்பவில்லை.

நீலச் சட்டை அசையாமல் நின்றது. முதுகைக் காட்டியபடி, இவருக்காகக் காத்திருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது. ரிப்பனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதன் பின்னால் நடந்தார்.

மணி 5.20க்கு ஜாஹிரின் கடை. பத்தொன்பது வந்தாச்சா என்று கோகிலன் கேட்டார். வந்தாச்சு, பெயருக்கு நேரே கோடு போட்டாச்சு என்றார் ஜாஹிர். "பேசவே இல்லண்ணே. எல்லாரையும் திருப்பிக் கொண்டுபோற லாரிக்கும் நிக்கல, ரோட்டுலயே போயிட்டாரு. ரொம்ப டயர்ட் போல லா."

இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. கோகிலன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். பின்னால் கேட்ட குரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை 9.10க்கு ஜாஹிர் போன் செய்தார். டுரியான் பழத் தோட்டக்காரர் ஸுல்கிஃப்லி ஓடைப் பள்ளத்தில் ஒருவரைக் கண்டெடுத்திருக்கிறார். கால் உடைந்திருக்கிறது, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்திருக்கிறார், ஆனால் உயிர் இருக்கிறது. நீலச் சட்டை. முதுகில் பத்தொன்பது.

கோகிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. தனுஜாவிடம் யாராவது சொல்ல வேண்டும். வேலை இடத்தில் இருந்தவருக்கு அவரே போன் செய்தார். பயந்துவிடாதேம்மா என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பக்கம் தனுஜா பயப்படவே இல்லை. ஆள் மாறிப் பேசுகிறார் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"அவரு வீட்ல தூங்கறாருண்ணே," என்றார்.

மதியம் ஒரு மணிக்கு மருத்துவமனை. கட்டிலில் கிடந்தது சிவநேசன்தான். அந்தத் திருப்பத்தில் சிறுநீர் கழிக்கப் புதருக்குள் ஒதுங்கியிருக்கிறார். வெளியே வந்தால் யாரும் இல்லை, ரிப்பனும் இல்லை. குத்துமதிப்பாக முக்கால் மணி நேரம் ஓடி வந்ததில் தூரத்தில் கோகிலனின் முதுகு தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வழி தவறி, இருட்டுகிற நேரத்தில் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்.

"மூணு தடவ கூப்பிட்டேண்ணே. நின்னீங்க, ரிப்பன அவுத்தீங்க. ஏண்ணே திரும்பல?"

கோகிலன் தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு வருஷப் பெருமை அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. அன்றோடு காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

வெளியே நடைபாதையில் தனுஜா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தாழ்ந்த குரலில், கணக்காகச் சொன்னார். நேற்று 7.35க்குக் கதவைத் தட்டினார். திறந்துவிட்டேன். பேசவில்லை. ஒரு மணி நேரம் குளித்தார். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். உடம்பு சில்லென்று இருந்தது, போர்த்திவிட்டேன். காலையில் 6.30க்குக் கிளம்பும்போதும் அப்படியேதான் கிடந்தார். அசதி என்று எழுப்பவில்லை. கிரில் கதவை வெளியில் பூட்டிவிட்டு வந்தேன். எழுந்தால் தன் சாவியால் திறந்துகொள்வார் என்று...

தன் கைப்பைக்குள் கையை விட்டார்.

சிவநேசனின் ஈரப் பையைத் தாதி கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள் வீட்டுச் சாவி இருந்திருக்கிறது.

"வீட்டுக்கு ரெண்டே சாவிதாண்ணே."

கையை விரித்துக் காட்டினார். இரண்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன.