அத்தானின் பெட்டியில் பொங்கிய தேன்

பொன்முடி மலையடிவாரத்தில், துபாய்க்குத் திரும்பவிருந்த அத்தானுக்காகப் புதுத்தேன் ஒரு குப்பி வாங்கினேன். நல்ல தேன்தான், கெடுத்தது என் மூளை. ஒழுகக்கூடாதென்று மூடியை இறுக்கி, மெழுகும் ஊற்றி, அவர் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். ஈரம் வற்றாத தேன் புளித்துப் பொங்கும் என்று யார் கண்டார்?

அத்தான் புறப்படும் காலையில் பெட்டிக்குள் ‘டப்’பென்று சத்தம். திறந்தால் துணியெல்லாம் நுரை, குப்பிச்சில்லு.

“எலே, பாஸ்போர்ட்டும் அதுக்குள்ளதான் உண்டு! எனக்க சோலி போச்சே!” என்று அத்தான் அலறினார்.

“பாஸ்போர்ட்ட நேத்தே எடுத்துட்டேன். கெட்டி வச்சது இவனாக்கும், நம்ப முடியுமா?” என்றாள் அக்கா.

வேலை தப்பியது. ஒரு சொட்டுகூட நக்காமல், பெட்டியைக் கழுவியது நான்தான்.

இப்போதெல்லாம் புதுத்தேனை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மூடியை லேசாகத்தான் திருகுகிறேன். விமானம் ஏறுகிறவர்களுக்குப் பலாச்சுளையில் வறுத்த சக்கை வற்றல்தான். அதற்குப் பொங்கத் தெரியாது.