மில்லியின் பல்லைப் பார்க்க ஓர் அந்நியர் தேவை

இப்போதெல்லாம் காலையில் என் பல்லைத் துலக்குவதற்கு முன் ஒரு நாயின் உதட்டைத் தூக்கி அதன் பல்லைப் பார்க்கிறேன். பிறகு முதுகைத் தடவி, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். பனிச்சங்கேணியில் எங்கள் வளவுக்குள்ளும் நாய் கிடந்தது. மீன் தலை தின்றது, ஆள் வந்தால் குரைத்தது. அதன் வாய்க்குள் எத்தனை பல் இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

நான் இருப்பது வேல்ஸில், மனிதரை விட ஆடுகள் அதிகமாக உள்ள ஒரு கிராமத்தில். கணவர் காலமான பிறகு லண்டனை விட்டு இங்கே வந்தேன். கிளெனிஸ் என்ற பெண்மணியின் வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். அவருக்கும் என் வயதுதான், ஆனால் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. நாய்களை அழகுப் போட்டிக்குக் கொண்டுபோவதுதான் அவருடைய உயிர். மில்லி அவருடைய புதிய குட்டி. விப்பெற் என்ற மெலிந்த இனம், வயது பத்து மாதம். வீட்டில் பாய்ந்து திரிவாள், இரவில் என் கட்டிலடியில் படுப்பாள். அவளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு. எனக்கு ஆங்கிலம் குறைவு. அதனால் நானும் மில்லியும் பெரும்பாலும் பேசாமலே இருந்தோம்.

போட்டியில் நாயை ஒரு மேசையில் நிறுத்துவார்கள். நடுவர் வந்து பல்லைப் பார்த்து, உடம்பைத் தடவுவார். நாய் அசையாமல், பயப்படாமல் நிற்க வேண்டும். மில்லியை முதல் இரண்டு போட்டிகளிலும் நான்தான் பிடித்தேன், ஏனென்றால் கிளெனிஸால் நடக்க முடியாது. இரண்டிலும் நடுவரின் கை நீண்டதும் அவள் வாலை வயிற்றுக்குள் ஒடுக்கி, நடுங்கி, மேசையில் படுத்துவிட்டாள். வீடு திரும்பும் வழியில் கிளெனிஸ் சொன்னார்: "சித்திரையில் வரும் போட்டியிலும் இப்படியென்றால், ஸ்கொட்லாந்தில் ஒரு குடும்பம் அவளைக் கேட்டிருக்கிறது. கொடுத்துவிடுவேன்." அவர் கெட்டவர் அல்ல. ஆனால் மில்லி போனால் என் அறையில் மூச்சு விடுவது நான் மட்டும்தான்.

புதியவர்கள் பலர் தொட்டால் பயம் தெளியும் என்றார் கிளெனிஸ். புதியவர்களுக்கு எங்கே போவது? நான்கு வருடத்தில் இந்தக் கிராமத்தில் நான் பேசியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். ஆனாலும் மில்லியைக் கூட்டிக்கொண்டு தபாற்கடை வாசலில் போய் நின்றேன். முதல் நாள் ஒருவரிடமும் வாய் திறக்காமல் திரும்பினேன். இரண்டாம் நாள் ஒரு வயதானவரிடம், "தயவு செய்து, பல்லைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். நாயைக் காட்ட மறந்துவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, குனிந்து, என் வாயை உற்றுப் பார்த்தார். "பல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு அவரே ஒரு நாள் மில்லியைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து நடுவராக நடித்தார். அப்போதும் அவள் படுத்தாள். கிளெனிஸ் அதைத் தொலைபேசியில் வீடியோப் படம் பிடித்தார். அந்தப் படத்தை நான் ஊரில் இருக்கும் தங்கை வசந்திக்கு அனுப்பினேன். வேறு யாருக்கு அனுப்புவது?

"நாய்ட பல்லுப் பாக்கவா அக்கா நீ சீமைக்குப் போனாய்?" என்று அழைப்பை எடுத்ததும் சிரித்தாள். "நம்மட கடுவன் நாயும் ஒண்டு இரிக்கு. வந்து பாத்திட்டுப் போ, ஆனா விரல் மிஞ்சாது."

"பகிடிய விடு. அதக் குடுக்கப் போறாங்க."

அவள் சிரிப்பை நிறுத்தி, படத்தைத் திரும்பவும் பார்த்தாள்.

"அக்கா, நாயில பிழையில்ல. உன்னப் பாருகா. அந்த மனிசன் கிட்ட வரக்குள்ள நீ எப்பிடி நிக்கிறாய்?"

"எப்பிடி?"

"பாலத்தடியில லைன்ல நிண்ட மாதிரி."

நானும் போட்டுப் பார்த்தேன். தலை குனிந்து, தோள் உயர்ந்து, ஒரு கை நாயின் வாரை இறுக்கி, மறு கை அடையாள அட்டையை நீட்டுவது போல நெஞ்சடியில் இருந்தது. மூச்சே இல்லை. யுத்த காலத்தில் வாழைச்சேனைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து இராணுவத்தினர் எங்களை இறக்கி, பாலத்தடிச் சோதனைச்சாவடியில் வரிசையாக நடக்க வைப்பார்கள். சோதிக்கிறவர் நெருங்கும்போது முகத்தைப் பார்க்கக்கூடாது, அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. வசந்தி என் கையைப் பிடித்தபடி நிற்பாள். என் கை இறுகினால் அவளுடைய கையும் இறுகும். எங்களுக்கு அங்கே ஒன்றும் நடந்ததில்லை. நின்றோம், போனோம், அவ்வளவுதான். ஆனால் என் உடம்பு அதை இன்னும் செய்துகொண்டிருக்கிறது என்பதை, அன்று அந்தக் கையைப் பிடித்திருந்தவள்தான் கண்டுபிடித்தாள்.

"நீ பயந்தா அதுக்கு வார்வழியாத் தெரியுந்தானே" என்றாள். "வாயத் துறந்து கதை. அண்டைக்குத்தான் கதைக்க ஏலாது."

"இங்கிலீசில என்னத்தக் கதைக்க?"

"எங்கிட்டக் கதைக்கிற மாதிரிக் கதை. நாய் என்ன சோதினையா எழுதப் போகுது?"

சித்திரைப் போட்டி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மில்லியை மேசையில் நிறுத்தினேன். நடுவர் ஒரு பெண், தலையில் அகன்ற தொப்பி. அவர் எங்களை நோக்கி நடந்ததும் என் தோள் தானாக உயர்ந்தது. வாரில் மில்லி நடுங்குவது தெரிந்தது. வீட்டு ஒழுங்கை மீறி, அவளுடைய காதடியில் குனிந்து தமிழில் பேசத் தொடங்கினேன்.

"ஒண்டுமில்ல கிளி. பல்லப் பாப்பாங்க, முதுகத் தடவுவாங்க, போயிருவாங்க. தொப்பியப் பாரு, கவுத்து வெச்ச கடகம் மாதிரி. இஞ்ச ஒருத்தரும் அட்ட கேக்க மாட்டாங்க. நீ மூச்ச விடு. நானும் விடுறன்."

நடுவரின் கை வந்தது. வால் ஒடுங்கியது, ஆனால் கால்கள் மடியவில்லை. உதட்டைத் தூக்கினார், தோளைத் தடவினார். நான் நிறுத்தாமல் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. இறால் விலையும் அதில் இருந்தது. "அவளிடம் என்ன சொல்கிறீர்கள்?" என்று நடுவர் சிரித்தபடி கேட்டார். நான் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். "நல்ல பிள்ளை என்கிறேன்" என்றேன். நான்காம் இடம் கிடைத்தது. கிளெனிஸ் நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தினார். ஸ்கொட்லாந்துக்காரருக்கு அன்று மாலையே இல்லையென்று சொல்லிவிட்டார்.

இப்போது மில்லி தமிழ் கேட்டால்தான் மேசையில் ஒழுங்காக நிற்கிறாள். அதனால் கிளெனிஸ் அந்த வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். நேற்று நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் "ஒண்டுமில்ல கிளி, போயிருவாங்க" என்று ஒரு குரல் கேட்டது. உச்சரிப்பு கோணல், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு. ஊரிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டது போல இருந்தது. கையின் ஈரத்தைக் கூடத் துடைக்காமல் ஓடிப்போய்க் கதவடியில் நின்றேன். மில்லி மேசையில் நேராக நின்றபடி கிளெனிஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், திரும்பவும் அவரைப் பார்த்தாள். "ஏதாவது வேண்டுமா?" என்று கிளெனிஸ் கேட்டார். இல்லை என்றேன். என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.